புனர்வாழ்வுக்கு ஆறு பேர்

அந்தப் புலமைப்பரிசிலுக்கு நான் மூன்றாவது தடவையாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை அனுபவம் போதாது என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை படிவத்தில் ஒரு கையொப்பம் குறைந்தது. கையொப்பம் வைக்க வேண்டியவர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போய், கூட்டம் முடிந்ததும் அப்படியே மகள் வீட்டுக்கும் போய், நான்கு நாள் நன்றாகச் சாப்பிட்டு ஆறுதலாகத் திரும்பி வந்தார். அதற்குள் முடிவுத் திகதி போய்விட்டது. இனி நான்காவது தடவை என்று ஒன்று இல்லை. விண்ணப்பிப்பவருக்கு நாற்பது வயது ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு நாற்பது பிறக்க நான்கு மாதம்தான் இருந்தது.

நான் திருகோணமலையில் ஓர் அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். படிவங்களில் என் பெயருக்குப் பக்கத்தில் இயன் மருத்துவர் என்று இருக்கும். வாட்டுகளில் எல்லாருக்கும் நான் 'பிசியோ மிஸ்'. முழங்கால் பிடித்தவர்களை நடக்கவைப்பதும், பாரிசவாதம் வந்தவர்களின் கையை அசைக்கவைப்பதும் என் வேலை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதைக் கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

புலமைப்பரிசில் எதற்கென்றால், மூச்சு வருத்தக்காரருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதை வெளிநாடு போய் ஆறு மாதம் படிப்பதற்கு. தாதியர் போகலாம், வைத்தியர் போகலாம், எங்களைப் போன்றவர்களும் போகலாம். பழுதான நுரையீரலைப் புதிதாக்க யாராலும் ஏலாது. ஆனால் காலையும் கையையும் பலப்படுத்தி, மூச்சை எப்போது இழுப்பது எப்போது விடுவது என்று பழக்கினால், அதே நுரையீரலோடு ஒரு மனிதர் இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கலாம். எங்கள் பக்கத்தில் இதைச் செய்ய முறையாகப் படித்தவர்கள் இல்லை. மூச்சு முட்டு என்று வருகிறவர்களுக்கு இழுப்பதற்குப் பம்ப் கொடுத்து, "ஓய்வா இருங்கோ" என்று சொல்லி அனுப்புவோம். அவர்களும் சொன்ன சொல்லைத் தட்டாமல் ஓய்வாக இருப்பார்கள். இருந்து இருந்து, கடைசியில் கிணற்றடிக்குப் போகவும் ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். இதைப் பதினான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதைவிட உண்மையான காரணம், எனக்குப் போகவேண்டும் என்ற ஆசை இருந்தது. சும்மா ஆசை இல்லை, வெறி.

இந்த முறை ஒரு புது நிபந்தனை போட்டிருந்தார்கள். விண்ணப்பிப்பவர் தன் வைத்தியசாலையிலேயே ஆறு கிழமை இப்படி ஒரு பயிற்சியை நடத்திக் காட்ட வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள். தொடங்கும்போதும் முடியும்போதும் ஒவ்வொருவரையும் ஆறு நிமிடம் நடக்கவைத்து எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். முடிப்பவர்கள் குறைந்தது ஆறு பேர். அந்தக் 'குறைந்தது ஆறு' மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

நெஞ்சு நோய் கிளினிக் வைத்தியர் ஆறு பேரைத் தெரிவுசெய்து தந்தார். ஏழாவதாக ஒருவரைக் கேட்டேன். "ஆறு பேர் வந்தாலே பெரிய விசயம்," என்றார். அவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தை நானே எழுதினேன். அரச கலைச்சொல் பட்டியலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்கூடப் பிழைக்காமல் எழுதினேன். மேலே அரச இலச்சினை, கீழே சிவப்பு முத்திரை. நடுவில் இப்படி: 'தாங்கள் சுவாசப் புனர்வாழ்வு நிகழ்ச்சித்திட்டத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள். தேசிய அடையாள அட்டையுடன் தவறாது சமுகமளிக்கவும்.' வாசித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் நாள் காலை எட்டு மணிக்கே ஒரு புருஷனும் மனைவியும் என் அறை வாசலில் நின்றார்கள். இலங்கைத்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர் கரைவலைத் தொழிலாளி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்ததிலேயே தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மனைவியின் கையில் ஒரு பெரிய பயணப் பை.

"இதென்னம்மா பை?"

"ரெண்டு சாரம், ஒரு பெட்சீட், சவுக்காரம், பல்லு மினுக்கிற சாமான்," என்றார் அவர். "சாப்பாட்டுக் கோப்பையும் வச்சிருக்கிறன். அங்க குடுப்பினமோ தெரியாது."

"இஞ்ச தங்கத் தேவையில்லை."

"எத்தினை மாசம் மிஸ்?"

"ஆறு கிழமை."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு கிழமைதானாம். மற்றவைக்கு ஒரு வருசம், ரெண்டு வருசம் எல்லோ." பிறகு என் பக்கம் குனிந்து, பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். குரல் இறங்கிவிட்டது. "மிஸ், இவர் ஒண்டிலயும் இருக்கேல்லை. கிராம விதானையாரிட்ட எழுதிக்கொண்டு வந்தனான். இவருக்கு முட்டு மட்டும்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் புனர்வாழ்வு என்றால் என்னவென்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்தம் முடிந்தபிறகு, இயக்கத்தில் இருந்தவர்கள் என்று பிடித்துக்கொண்டு போனவர்களை வைத்திருந்த இடத்துக்குப் பெயர் அது. நானும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிற எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவள். இருந்தும் கலைச்சொல் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எழுதி, சிவப்பு முத்திரையும் குத்தி, மூச்சு விடக் கஷ்டப்படுகிற ஒரு மனிதரின் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எத்தனை நாள் நித்திரை கொள்ளாமல் இருந்தார்களோ தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதை அவர்களுக்குச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் வாசலில் சத்தம். கிண்ணியாவிலிருந்து ஒரு பெரியவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சாரம், கையில் நான் அனுப்பிய கடிதம். அவர் அங்கே மிளகாயும் மாவும் அரைக்கிற மில் வைத்திருப்பவர். முப்பது வருடத் தூசி அவருடைய நெஞ்சில்தான் இருந்தது.

"யாரு புள்ள இத எழுதின?" என்று கேட்டார். "நான் பீடி கூட வாயில வச்சதில்ல. மருமகன் இத கடையில வச்சுச் சத்தமா வாசிச்சிட்டாரு. இப்ப பள்ளிக்குப் போனா, ஹாஜியார் நீங்க எப்ப தூள் குடிக்கத் துவங்கின எண்டு கேக்கிறாங்க."

போதைப்பொருளுக்கு அடிமையானவர்களை அனுப்புகிற இடத்துக்கும் அதே பெயர்தான் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை நினைவில் இல்லை. நான் வாயைத் திறக்க முதல் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கதிரை கொடுத்து இருத்தினேன்.

அவர் இருமி முடிக்கத் தம்பலகாமத்து அக்கா வந்தார். வயல் செய்கிற குடும்பம். அறுபது வயது. விறகடுப்புப் புகை குடித்துக் குடித்து நெஞ்சு கரியாகிப்போனவர். அவர் மட்டும் நல்ல சந்தோசமாக வந்தார். கையில் ஒரு கடதாசிக் கோவை.

"காணிப் பெர்மிட்டும் கொண்டந்தனான், குடும்ப அட்டைப் பிரதியும் கொண்டந்தனான்," என்று கோவையை என் மேசையில் வைத்தார். "எத்தினை தகரம் தருவியள்? போன மாசம் யானை வந்து குசினிச் சுவரை இடிச்சுப்போட்டுது. படம் எடுத்து வச்சிருக்கிறன், பாக்கிறியளோ?"

வீட்டுத் திட்டமும் கூரைத் தகரமும் கொடுக்கிற அமைச்சின் பெயரிலும் அந்தச் சொல் இருந்த காலம் ஒன்று உண்டு. அவருக்கு அது நினைவிருந்தது. யானை இடித்த சுவரின் படத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் எப்படி விடுவது?

எனக்கு உதவிக்கு ஒரு தாதிய உத்தியோகத்தரைத் தந்திருந்தார்கள். நல்ல மனிதர், வேலையில் பிழை சொல்ல ஏலாது, வாய்தான் சும்மா இராது. அவர் இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்து நின்று, சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்துபோயிருந்தார்.

"மிஸ், ஒரு சொல்லை வச்சு மூண்டு அமைச்சு நடத்திறியள்," என்றார்.

"வாயை மூடிக்கொண்டு போய் எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவாங்கோ."

மற்ற மூன்று பேரும் பிறகு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கடிதத்தைத் திறந்தே பார்க்கவில்லை, கிளினிக் என்று நினைத்து வந்தவர். அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. ஆறு பேரையும் இருத்தி, இது என்ன, ஏன், யாரும் எங்கேயும் தங்கத் தேவையில்லை, யாருக்கும் தகரமும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். தகரம் இல்லை என்றதும் தம்பலகாமத்து அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. இலங்கைத்துறைக்காரரின் மனைவி கதிரையில் இருந்தபடி முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று கிட்டப் போனேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"அப்ப மூச்சு வகுப்பு எண்டு எழுதுங்கோவன் மிஸ்," என்றார். "ஏன் மனுசரைப் பயப்பிடுத்திறியள்?"

கதவில் அப்படியே எழுதி ஒட்டினேன். அரச அலுவலகத்தில் அங்கீகரிக்கப்படாத சொல்லைப் பாவிக்கலாமா என்று நிர்வாகப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். நான் அவருக்குச் சொன்ன பதில் இங்கே வேண்டாம். கடதாசி மட்டும் கதவிலேயே இருந்தது.

பிறகு நடைச் சோதனை. வைத்தியசாலையின் நீண்ட நடைபாதையில் முப்பது மீற்றர் அளந்து, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சிவப்பு வாளி வைத்தேன். ஒரு வாளியிலிருந்து மற்ற வாளிக்கும், திரும்பி அங்கிருந்து இங்கேயுமாக ஆறு நிமிடம் நடக்க வேண்டும். களைத்தால் நிற்கலாம், ஆனால் மணிக்கூடு நிற்காது. இலங்கைத்துறைக்காரர் வாளிக்கு வாளி எட்டுத் தடவைதான் நடந்தார். இடையில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கும்போது எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். இரண்டு வருடமாக வலைப் பக்கம் போகவில்லையாம். கரையில் மீன்வாடிக் கொட்டிலின் நிழலில் இருந்து மற்றவர்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"கடலுக்கு முன்னால இருந்துகொண்டு கடலைப் பாக்க விருப்பமில்லாம இருக்கிறது," என்று மூச்சை வாங்கி வாங்கிச் சொன்னார், "அதுவும் ஒரு வருத்தம்தான் மிஸ். அதுக்குப் பம்ப் இல்லை."

வகுப்பு எடுப்பதற்கு நான் வாசித்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரே பாடம் இருந்தது. பூவை மணப்பதுபோல மூக்கால் இழு, மெழுகுதிரியை அணைப்பதுபோல உதட்டைக் குவித்து ஊது. நான் மெழுகுதிரி கொண்டுபோய்க் கொளுத்தி வைத்தேன். தம்பலகாமத்து அக்கா ஊத மறுத்துவிட்டார்.

"விளக்கை வாயால ஊதி நூர்க்கிறதோ? அதுவும் வெள்ளிக்கிழமையில?"

"அக்கா, இது விளக்கில்லை, மெழுகுதிரி."

"நெருப்பு நெருப்புத்தானே. எனக்கு ஏலாது பிள்ளை."

பக்கத்தில் இருந்த கிண்ணியாப் பெரியவர் தலையை ஆட்டினார். "அவ செல்றதிலயும் நியாயம் இருக்கு. இந்தா, இந்தத் தேத்தண்ணி சுடுது. இத ஊதினாப் போதாதா?"

போதும். போதும் என்ன, அதுதான் நல்லது. கொதிக்கிற பிளேன்டீயை எப்படி ஊதுவது என்று எங்கள் சனத்துக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பு பிளேன்டீயோடுதான் தொடங்கியது. குனியும்போது ஊது, தூக்கும்போது ஊது, எழும்பும்போது ஊது. பாரமான வேலை செய்யும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுவதுதான் முழு வித்தை. சோடாப் போத்தலில் மணல் நிரப்பிக் கையில் கொடுத்துத் தூக்கவைத்தேன். கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருக்கவைத்தேன். கிண்ணியாப் பெரியவர் எண்ணிக்கை பிடிப்பார். ஒன்பதில் நிற்கப் பார்க்கிறவர்களை அவர் விடமாட்டார். இலங்கைத்துறைக்காரர் மணல் போத்தலைப் பார்த்து, "கரை முழுக்க இது கிடக்கேக்க, இதைத் தூக்கவோ ரெண்டு பஸ் ஏறி வாறன்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தூக்குவார்.

நான்காம் கிழமை அவர் படியில் ஏறி என் அறைக்கு வந்தார். மின்தூக்கி பழுது என்று யாரோ சொன்னார்களாம். பழுதில்லை. தாதிய உத்தியோகத்தரின் வேலை அது. நான் அவரை ஏசினேன், ஆனால் மனதுக்குள் நல்ல சந்தோசம்.

பங்குனி பிறந்து கடல் அடங்கிவிட்டது. ஆறாம் கிழமையின் கடைசி வகுப்பு, கடைசி நடைச் சோதனை. ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் முதல் நாளைவிடக் கூட நடந்தார்கள். தம்பலகாமத்து அக்கா நடந்து முடித்துவிட்டு, "இன்னும் ஒருக்காப் போகட்டோ?" என்று கேட்டார். இலங்கைத்துறைக்காரர் வரவில்லை. பத்து மணி வரை பார்த்தேன், பன்னிரண்டு வரை பார்த்தேன். தொலைபேசி எடுத்தால் அணைத்து வைத்திருந்தது. அது வெள்ளிக்கிழமை. படிவம் அனுப்பத் திங்கள் மத்தியானம் கடைசி.

"பதினொரு வகுப்புக்கு வந்தவர்தானே," என்றார் தாதிய உத்தியோகத்தர். இந்த முறை அவர் பகிடி விடவில்லை. "ஒரு தூரத்தைப் போட்டு அனுப்புங்கோ மிஸ். அந்த மனுசன் முன்னேறினது எங்களுக்குத் தெரியும். பொய்யெண்டு யார் சொல்லப்போறது?"

நான் அவர்மீது பாய்ந்து விழுந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், நான் பேனையை எடுத்துவிட்டேன். வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்துக்கு மேல் பேனை நுனியை வைத்துக்கொண்டு எத்தனை மீற்றர் போட்டால் நம்புவார்கள் என்று யோசித்தேன். அப்படி யோசித்தேன் என்பதே எனக்குப் பிறகு ஆத்திரமாக வந்தது. பேனையை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலை நித்திரையைத் தவிர ஆண்டவனிடம் வேறொன்றும் கேட்காதவர். அந்த ஞாயிறு அவரை ஆறு மணிக்கு எழுப்பி மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னேன். பின்னால் நான். என் மடியில் அளவு நாடாவும் ஒட்சிசன் பார்க்க விரலில் மாட்டும் கருவியும் இருந்த பை. என் இரண்டு கையிலும் ஒவ்வொரு சிவப்பு வாளி. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது காற்று வாளிக்குள் புகுந்து இரண்டு பக்கமும் இழுத்தது.

"தண்ணி அள்ளப் போறமோ?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். மூதூர் தாண்டியபிறகுதான் விசயத்தைச் சொன்னேன்.

இலங்கைத்துறையில் கரைக்கு இறங்கியபோது வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னுக்குச் சாய்ந்து இழுக்க, வலை மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. கரைவலையை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று சத்தம் வேறுவிதமாக இருந்தது. ஒவ்வொரு இழுவைக்கும் எல்லாரும் சேர்ந்து ஊதினார்கள். கிட்டத்தட்ட இருபது ஆம்பிளைகள், உதட்டைக் குவித்து, நீளமாக, பூ… என்று.

கயிற்றின் வால் பக்கத்தில் என்னுடைய ஆள் நின்றார். வந்து சேரும் கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டு, இடையிடையே முன்னால் நிற்பவர்களுக்கும் சத்தம் கொடுத்துக்கொண்டு. "அடக்காதை, அடக்காதை. இழுக்கேக்க ஊது."

என்னைக் கண்டதும் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்த பிள்ளையைப்போல முகத்தைத் திருப்பினார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து போய்க் கத்தினேன்.

"ஏன் வெள்ளிக்கிழமை வரேல்லை?"

"வலை துவங்கிட்டுது மிஸ்."

"ஒரு நாள் விட்டிட்டு வர ஏலாதோ?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வந்தால் இதை எப்பிடி மிஸ் இழுக்கிறது? இதுக்குத்தானே சொல்லித் தந்தனீங்கள்?"

ஆறு கிழமை நான் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான். அது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். புலமைப்பரிசில் பற்றி நான் அதுவரை ஆறு பேரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆறு பேர் முடிக்க வேண்டும், நீங்கள் ஆறாவது ஆள், நாளை மத்தியானம் கடைசி, அடுத்த வருடம் எனக்கு வயது போய்விடும் என்று அந்த வெயிலில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த வாளிகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே. புனர்வாழ்வெண்டு நினைச்சும் வந்தவன் நான். உங்களுக்காண்டி வரமாட்டனோ?"

வலை கரைக்கு வந்து, மீனைப் பெட்டியில் போட்டு முடிய, அவரை அரை மணித்தியாலம் வாடியில் இருத்தி ஆறவைத்தேன். மணலில் நடத்த ஏலாது. கரைக்குப் போகிற கொங்கிரீட் வீதியில் முப்பது மீற்றர் அளந்து வாளிகளை வைத்தேன். அதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. அவருடைய மனைவி முன்வரிசையில் நின்றார். சோதனையின்போது ஒருவரும் கைதட்டவோ உற்சாகப்படுத்தவோ கூடாது என்பது விதி. அதைச் சொன்னேன். சனம் சத்தமில்லாமல் நின்றது. என் கணவர் மணிக்கூடு பிடித்தார்.

நடந்தார். நான்காவது தடவையில் ஒரு நாய் அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. ஐந்து, ஆறு. முதல் நாள் அவர் முதலில் களைத்து நின்ற தூரம் தாண்டியது. எட்டில் மூச்சு வாங்கத் தொடங்கியது. உதட்டைக் குவித்தார், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், நிற்கவில்லை. பதினொன்றாவது தடவை வாளியைத் தொடும்போது என் கணவர் "சரி" என்றார். இலங்கைத்துறைக்காரரின் மனைவி கும்பிட்டுக்கொண்டு நின்றார். எட்டு பதினொன்றாகியிருந்தது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

அன்று பின்னேரம் படிவத்தை நிரப்பினேன். பதினொரு தடவைக்குரிய தூரத்தை எழுதிவிட்டு, கீழே இன்னும் இரண்டு வரி எழுதினேன். இவர் கடைசி வகுப்புக்கு வரவில்லை, தொழிலுக்குப் போய்விட்டார். இறுதிச் சோதனை வைத்தியசாலையில் அல்ல, கடற்கரை வீதியில் செய்யப்பட்டது. எழுதாமல் விட்டிருக்கலாம். ஒருநாள் பேனையை எடுத்த கை அது. அதை நான் நம்பவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு காணொளியில் நேர்முகம். மூன்று பேர். நடுவில் இருந்த அம்மணி என் படிவத்தைப் புரட்டிவிட்டு நேரே அந்த இடத்துக்கு வந்தார். எங்கள் விதிப்படி உங்கள் ஆறாவது நோயாளி பயிற்சியை முடிக்கவில்லையே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் இரண்டு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்த பணிவான பதில் ஒன்று இருந்தது. அது வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் முடித்துவிட்டார், வீட்டில் ஓய்வாக இருந்த மனிதர் வேலைக்குப் போய்விட்டார், அவருக்கு இனி எங்களிடம் வேலையில்லை, உங்கள் கட்டத்தில் எழுத இடமில்லை என்றால் அது கட்டத்தின் பிழை என்று ஆங்கிலத்தில் எனக்கு வந்தபடி சொன்னேன். ஒருவர் ஏதோ எழுதினார். நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள்," என்றார் தாதிய உத்தியோகத்தர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தெரிவாகிவிட்டீர்கள் என்ற மின்னஞ்சல் வந்தபோது ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். கத்திய கத்தலில் அந்த மனிதர் தனக்குத்தான் ஏதோ முறிந்துவிட்டது என்று பயந்துபோனார். வீட்டுக்குப் போய்க் கணவருக்குச் சொன்னேன், அம்மாவுக்குச் சொன்னேன், அயலுக்கெல்லாம் சொன்னேன். அன்று முழுவதும் கால் நிலத்தில் படவில்லை. அடுத்த நாள்தான் மற்றது நினைவு வந்தது. ஆறு கிழமை முடிந்தும் வகுப்பு நின்றுவிடவில்லை. கிண்ணியாப் பெரியவரும் தம்பலகாமத்து அக்காவும் பழக்கத்தில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். புதிதாக நான்கு பேரும் சேர்ந்திருந்தார்கள். எனக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஆள் கேட்டேன். இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது வகுப்பில் சொன்னேன். அன்று கிளினிக் நாள். மருந்து எடுக்க வந்திருந்த இலங்கைத்துறைக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று கதவில் சாய்ந்து நின்றார். எல்லாரும் சந்தோசப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப வகுப்பு?" என்றார் தம்பலகாமத்து அக்கா.

மூன்று தடவை விண்ணப்பித்து, ஒரு மனிதரைத் தேடிக் கரை வரை போய், எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன்.

"போகாமல் விடலாம்," என்றேன். "ஏலாது எண்டு ஒரு கடிதம் எழுதினாச் சரி."

கிண்ணியாப் பெரியவர் என்னைப் பார்க்காமல் தன் கோப்பைக்குள் பார்த்தார். புதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கதவடியிலிருந்துதான் குரல் வந்தது.

"எத்தினை மாசம் மிஸ்?"

"ஆறு."

"ஆறு மாசம் நீங்கள் இல்லையெண்டு," என்றார் இலங்கைத்துறைக்காரர், "நாங்கள் மூச்சு விடாம இருக்கப்போறமோ? போட்டு வாங்கோ."

முதலில் சிரித்தது கிண்ணியாப் பெரியவர். பிறகு அக்கா, பிறகு எல்லாரும். முட்டுக்காரர் ஏழு பேர் ஓர் அறைக்குள் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினால் அதை நிறுத்துவது லேசில்லை. ஒருவர் இருமினார், ஒருவர் கதிரையைப் பிடித்தார், ஒருவர் பம்பைத் தேடினார். "இருங்கோ, எல்லாரும் இருங்கோ, இருந்துகொண்டு சிரியுங்கோ," என்று நான் கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. நல்லகாலம், என் முகத்தையும் ஒருவரும் பார்க்கவில்லை.